அழுகிறாளா என்று பார்க்க வந்த ராசா மகன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அதிலும் பாதி நாள் கருவாடு காயப்போட்ட இடத்தில்தான் இருந்தேன். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து இன்னொன்றில் போய் நிற்பேன். முன்னே எழுதியதைப் பின்னே மறந்துவிடுவேன். வாராவாரம் பொறுத்துக்கொள்கிறீர்கள். இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால்... இந்த வாரம் காதல் விஷயம்.

சிரிக்காதீர்கள். எழுதுகிற எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே போனார்கள்.

"ஆசையிலதான செஞ்சான்? அதுக்குப் போயி கல்யாணத்த நிறுத்துவாளாக்கும்?"

"அதான! நாடகத்துல ராசா மகன் செஞ்சா மட்டும் கை தட்டுதோம்லா?"

அந்தக் கடைசிப் பேச்சு எனக்குள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டது. இறங்கவே இல்லை. அது என்ன கதை என்று வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

எங்கள் ஊரில் மாதா திருவிழாவுக்கு ஒரு நாடகம் போடுவார்கள். ஊர் நேர்ச்சை அது. புயல் வந்தாலும் போட்டாக வேண்டும். ஒரு பாட்டைக்கூட வெட்டக் கூடாது. வெட்டினால் மாதாவுக்குக் கொடுத்த வாக்கை வெட்டின மாதிரி. அந்த நாடகத்தில் வருகிறவன்தான் ராசா மகன். கப்பலேறி வந்து, முத்து வியாபாரியின் மகளைப் பெண் கேட்கிறவன்.

அவனிடம் நல்ல குணம் நிறைய உண்டு. மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று பெண்ணைப் பார்ப்பது, தோழியிடம் தூது விடுவது... அதெல்லாம் கிடையாது. நேராகச் சபைக்கு வருவான். கிரீடத்தைக் கழற்றிக் கீழே வைப்பான். "உங்கள் மகளை எனக்குத் தாருங்கள்" என்று தகப்பனிடம் கேட்பான். எத்தனை மரக்கால் முத்து வேண்டும் என்று தகப்பன் கேட்டால், "முத்து வேண்டாம், பெண் போதும்" என்பான். அந்த இடத்தில் பெண்கள் பக்கமிருந்து எழும்புகிற கைதட்டல் இருக்கிறதே! பெண்ணைப் பெற்றவர்கள் மேடைக்கே ஏறிப்போய் அவனைத் தூக்கிக்கொண்டு வராத குறைதான்.

அப்புறம், சொன்ன சொல் மாறாதவன். பெண்ணின் தகப்பன் அவனை வேறு தேசத்துக்கு அனுப்பி வருஷக்கணக்கில் காக்க வைக்கிறார். அங்கே எத்தனையோ அழகிகள் வலிய வருகிறார்கள். ஒருத்தியையும் திரும்பிப் பார்க்க மாட்டான். திரும்பி வருவான். பெண்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

குறையும் உண்டு. தன்னைப் பற்றித் தானே பாடுகிற பாட்டு கொஞ்சம் நீளம். புலியைக் குத்திக் கொல்கிறவன், பெண் முகத்தைச் சுளித்தால் மயங்கி விழுந்துவிடுவான். இதையெல்லாம் மன்னித்துவிடலாம்.

கடைசியில் ஒன்று செய்வான். ஊர் திரும்பியவன் நேராக அவளிடம் போக மாட்டான். தாடி ஒட்டிக்கொண்டு, கிழட்டு வியாபாரி மாதிரி வந்து, "ராசா மகன் ஏறி வந்த கப்பல் முழுகிவிட்டது, அவன் செத்தான்" என்று சொல்லுவான். ஏன்? அவள் அழுகிறாளா என்று பார்க்க. அவள் தலையை விரித்துப் போட்டுப் புரண்டு அழுவாள். நீளமான ஒப்பாரி. இவன் தாடிக்குள்ளே சிரித்துக்கொண்டு நிற்பான். அவள் மயங்கி விழப்போகும் நேரத்தில் தாடியைப் பிய்த்து எறிவான். மேளம், விசில், கைதட்டல். கல்யாணம்.

நானும்தான் தட்டியிருக்கிறேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து.

எங்கள் ஊரில் ஒரு கோளாறு... யார் எந்த வேஷம் கட்டுகிறாரோ அந்த வேஷமாகவே அவரைப் பார்ப்போம். கொலைகாரன் வேஷம் கட்டின ஒருவருக்கு ஊருக்குள் யாருமே பெண் கொடுக்கவில்லை. கோழியைக்கூட அறுக்கப் பயப்படுகிற மனுஷன் அவர்! கடைசியில் நாடகம் பார்க்காத உப்பளத்துப் பக்கம் போய்ப் பெண் எடுத்தார். ராசா மகன் வேஷம் கட்டுகிறவனுக்கோ பெண் வீடு தேடி வரும்.

கொஞ்ச வருஷமாக அந்த வேஷம் டெல்வினுக்கு. (பேர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) பைபர் படகில் தொழில். குடி கிடையாது. குரல் நன்றாக இருக்கும். பக்கத்து ஊர் தருவைகுளத்தில் இருக்கிற ஜோபின் என்ற கூட்டாளியோடு கடலுக்குப் போவான்.

அவன் பெண் கேட்டது என் பக்கத்து வீட்டு பிரிஸ்காவை. நான் தாளில் கிறுக்குவதைச் செல்போனில் தட்டி உங்களுக்கு வாராவாரம் அனுப்புகிறவள் அவள்தான். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் வேலை. அம்மா இல்லை. அப்பா சூசை மட்டும்தான். அதிகம் பேச மாட்டாள். சிரித்தால்கூட உதட்டோரத்தில் கொஞ்சம்தான் தெரியும்.

டெல்வின் ஆள் அனுப்பாமல் தானே வந்தான். சூசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "எனக்கு ஒண்ணும் வேண்டாம் மாமா. பிரிஸ்காவத் தாங்க" என்றான். சூசைக்குக் கண் நிறைந்துவிட்டது. பிரிஸ்காவிடம் கேட்டார். அவள் சரி என்று தலையை ஆட்டினாள். ஊர் முழுக்க ஒரே பேச்சு – அசல் ராசா மகன்தான்!

எங்கள் கோவில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனும் இன்னார் மகளும் கல்யாணம் முடிக்கப் போகிறார்கள், தடை ஏதாவது தெரிந்தால் சாமியாரிடம் சொல்லுங்கள் என்று. இவர்களுக்கு இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலைக்கு முந்தின வியாழக்கிழமை.

அன்றைக்கு பிரிஸ்காவுக்கு லீவு. சாயங்காலம் அவள் வீட்டில் உட்கார்ந்து நான் வாசிக்க, அவள் தட்டிக்கொண்டிருந்தாள். கச்சான் காற்று தகரத்தைத் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. போன் வந்தது. ஜோபின். அவன் போட்ட சத்தத்தில் எனக்கே கேட்டது.

"பிரிஸ்கா... டெல்வின் தண்ணியில விழுந்துட்டான். ஆளக் காணல."

அவள் எழுந்து நின்றாள்.

"எங்கன?"

"கடல்லதான்..."

"கடல்ல எங்கன? முயல் தீவுக்கு வடக்கயா, தெக்கயா?"

"வ... வடக்க."

"எவ்வளவு நேரமாச்சு? நீவாடு எந்தப் பக்கம் இழுக்கு?" கடலோட்டத்தைத்தான் நாங்கள் நீவாடு என்போம். "மிதக்கிற மாதிரி கேன் எதையாவது தூக்கிப் போட்டியளா?"

பதிலுக்கு நிற்காமல் அவள் வாசலுக்கு நடந்தாள்.

"படக அங்கனயே நிப்பாட்டுங்க. ஆளுகளக் கூட்டிட்டு வாரேன்."

போனை வைத்துவிட்டாள். செருப்புகூடப் போடவில்லை. ஓடிக்கொண்டே படகுக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டாள். கோவிலில் மணி அடிக்கிற உபதேசியார் இல்லை. அவளே கயிற்றைப் பிடித்து மணியை அடித்தாள்.

விடாமல் மணி அடித்தால் கடலில் ஆள் காணவில்லை என்று அர்த்தம். கேட்டவன் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து வர வேண்டும். சண்டைக்காரனா, சொந்தக்காரனா என்றெல்லாம் கிடையாது. ஆள் கிடைக்கும் வரை ஒரு வலையும் கடலில் விழாது. எல்லாப் படகும் தேடத்தான் போகும்.

போயின. அந்தக் காற்றில் போயின. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக் கடல் தொழிலையே விட்டுவிட்ட சூசை முதல் ஆளாக ஒரு படகில் ஏறினார்.

"ஏ சூசை, நீ எறங்குலே! ஒனக்கு என்ன, கோட்டி புடிச்சிருக்கா?" என்று படகிலிருந்து ஒருவர் கத்தினார்.

"எம் மருமவன்ல அவன்? நான் போவாம யாரு போவா?"

நாங்கள் பெண்கள் கரையில் நின்றோம். டெல்வினின் அம்மா மணலில் உட்கார்ந்திருந்தாள். பிரிஸ்கா நின்றுகொண்டே இருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

எனக்கு அது புதிதில்லை. என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கப் போனவர். ஒரு நாள் முங்கினவர் எழும்பவில்லை. அன்றைக்கும் இந்த மணிதான் அடித்தது. உடம்பு கிடைக்கும் வரை நான் அழவில்லை. யாரும் அழ விடவும் மாட்டார்கள். எங்கள் கரையில் அப்படித்தான் – தேடி முடியும் வரை பெண்கள் அழுவதில்லை. அழுதால், அவர் போய்விட்டார் என்று நாமே கடலிடம் ஒத்துக்கொண்ட மாதிரி. அது வரைக்கும் கண்ணை எடுக்காமல் கடலைப் பார்க்க வேண்டும். பார்க்கிற கண்ணில் தண்ணீர் நின்றால் எது படகு, எது அலை என்று எப்படித் தெரியும்?

நாடகத்தில் அந்த முத்து வியாபாரி மகள், கப்பல் முழுகியது என்று கேட்டவுடனே புரண்டு அழுகிறாளே... நாடகத்தை எழுதினவர் எந்தக் கரையில் நின்று பார்த்தாரோ? இத்தனை வருஷமாக எனக்கு இது தோன்றவே இல்லை பாருங்கள்.

வெளிச்சம் மங்குவதற்கு முன்னால் ஒரு பைக் வந்தது. ஜோபின் ஓட்டினான். பின்னால் டெல்வின். சட்டைகூட நனையவில்லை.

கூட்டத்தில் ஒருத்தி "மாதாவே!" என்று அலறிவிட்டாள். டெல்வினின் அம்மா ஓடிப்போய் அவன் முகத்தைத் தடவினாள். தோளைத் தடவினாள். உயிர்தான் என்று தெரிந்த பிறகு ஓங்கி ஒரு அறை விட்டாள்.

"எங்கல போயிருந்த?"

"தருவைகுளத்துலதாம்மா இருந்தேன். கடலுக்கே போவல. சும்மா..."

"சும்மாவா?"

ஜோபின் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வெளையாட்டுக்குத்தான் பெரியம்மா. அவ அழுததும் ஒடனே இவன் பேசுவான்னு... பக்கத்துலதான் நின்னான்."

பிரிஸ்கா திரும்பினாள். டெல்வினைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் மறுபடியும் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பிரிஸ்கா... நீ போன வச்சுட்ட. திருப்பித் திருப்பி அடிச்சேன். பிஸி பிஸின்னே வந்துச்சு."

"ஒங்களத் தேட ஆள் கூப்பிட்டுட்டு இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு, "அப்பா போன படகு இன்னும் வரல" என்றாள்.

படகுகளுக்கெல்லாம் வயர்லெஸ்ஸிலும் போனிலும் சொல்லிப் பார்த்தார்கள். தகவல் கிடைத்தவர்கள் திரும்பினார்கள். ஒவ்வொரு படகும் கரை ஏற ஏற, இறங்கினவர்கள் டெல்வினைப் பார்த்தார்கள். யாரும் திட்டக்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது. சூசை போன படகுக்கு மட்டும் சொல்ல முடியவில்லை. டெல்வின் கழுத்துத் தண்ணீரில் போய் நின்றுகொண்டு கத்திப் பார்த்தான். காற்றில் அவன் குரல் அவனுக்கே கேட்டிருக்காது.

அந்தப் படகு கடைசியாகத்தான் வந்தது. சூசையை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். முழுக்க நனைந்து, உதடு நீலம் பாரித்து... டெல்வினைப் பார்த்தார். தாங்கின கையை உதறிவிட்டு ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டார்.

"மக்கா... கெடைச்சுட்டியால! எங்கன கெடைச்ச? யாருய்யா எடுத்தது? நல்லா இருப்பாவ..."

அவரைத் திருப்பிக் கட்டிக்கொள்ள டெல்வினுக்குக் கை எழும்பவில்லை. கீழேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் கெட்டவன் இல்லை. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மறுநாள் காலையில் என்னிடம் வந்தான். ராத்திரி தூங்காத முகம்.

"மாமி, நீங்க சொன்னா அவ கேப்பா."

"என்னத்தப் பாக்கணும்னு அப்பிடிச் செஞ்ச?"

"அவ ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கா மாமி. என் மேல ஆசை இருக்கா, இல்ல அப்பாவுக்காகத் தலைய ஆட்டினாளான்னு தெரியல. ஜோபினும் கேலி பண்ணினான்."

"அவகிட்ட கேட்டியா?"



"கேக்கல. வெக்கமா இருந்துச்சு."

வெட்கம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூட எனக்கு வாய் வராது. அதனால் அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் பாருங்கள் – ஆயிரம் பேருக்கு முன்னால் மேடையில் நின்று பாடுகிறவனுக்கு, ஒரே ஒரு பெண்ணிடம் "என்னைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்க வாய் வரவில்லை. புலியைக் கொன்ற ராசா மகனுக்கும் அதுதான் வரவில்லை.

ஊரில் இரண்டு விதமாகப் பேசினார்கள். "ஒரு சொட்டு அழலியே, கல்லு மாதிரில்ல நின்னா? அவனுக்குச் சந்தேகம் வந்தது தப்பா?" என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுடைய வீட்டிலும் கடலில் போனவர்கள் உண்டு. அவர்களும் அழாமல் நின்றவர்கள்தான். நாடகம் பார்த்துப் பார்த்து, தாங்கள் எப்படி நின்றோம் என்பதையே மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

சனிக்கிழமை நான் பிரிஸ்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, அவன் ரொம்ப வருத்தப்படுதான். மன்னிக்கக் கூடாதா?"

"மன்னிச்சுட்டேன் பெரியம்மா."

"அப்பொறம் என்ன? நாளைக்கு ஓலை வாசிக்கலாம்லா?"

அவள் மடிப்பதை நிறுத்தினாள்.

"அவரு கடலுக்குப் போறவரு. என்னைக்காவது ஒரு நாள் நெசமாவே போன் வரும். அப்ப நான் ஓடணும்லா? ஓட மாட்டேன் பெரியம்மா. நெசமா, பொய்யான்னு ஒரு நிமிசம் நிப்பேன். அந்த ஒரு நிமிசத்துல ஆளு போயிரும்."

நான் எழுந்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்கும் நேரம் வந்தது. சாமியார் வேறொரு ஜோடியின் பேரை வாசித்தார். பேப்பரை மடித்தார். அவ்வளவுதான்.

அப்போது ஆண்கள் பக்கமிருந்து டெல்வின் எழுந்து முன்னால் வந்தான். சாமியாரிடம் முதலிலேயே கேட்டிருப்பான் போல, அவர் மைக்கைக் கொடுத்தார். மேடைக் குரல் இல்லை.

"கல்யாணம் நிக்கதுக்குக் காரணம் நான்தான். அந்தப் பிள்ள மேல ஒரு கொறையும் கெடையாது. யாரும் எதுவும் பேசாதிய." ஆண்கள் பக்கம் திரும்பினான். "இனிமே மணி அடிச்சா, பொய்யா இருக்குமோன்னு யாரும் நின்னுறாதிய. ஓடுங்க. என்னால ஒரு ஆளு போயிறக் கூடாது."

மைக்கைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து வாசல் வழியாகப் போய்விட்டான். அதற்குப் பிறகுதான், நான் முதலில் சொன்ன அந்த இரண்டு பெண்களின் பேச்சு. யாரும் எதுவும் பேச வேண்டாம் என்று அவன் கேட்டது கோவில் வாசல் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

கிரீடத்தைக் கழற்றிக் கீழே வைத்த ராசா மகனை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பார்த்தது வேறு. ஆனால் ஒரு தடவை சரியாக நடந்துகொண்டான் என்பதற்காக, நிஜமாகப் போன் வரும் நாளில் அவள் அந்த ஒரு நிமிஷம் நிற்காமல் ஓடிவிட முடியுமா? முடியாது. அது அவளுக்கும் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தின பிறகு பிரிஸ்கா அழுதாள். தேம்பித் தேம்பி, மதியம் வரைக்கும் அழுதாள். அவன் பார்க்க ஆசைப்பட்டது அதைத்தான். அப்போது அவன் அங்கே இல்லை.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "பேர மட்டும் மாத்திருங்க" என்றாள். இந்த வரியையும் அவள்தான் தட்டப் போகிறாள். அவள் அழிக்காமல் விட்டிருந்தால் நீங்கள் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

கடைசியாக ஒரு உதவி. எனக்கு ஞாபகம் தடுமாறுகிறது. ஒரு இடத்தில் சந்தேகம். எங்கள் நாடகத்து ஏடு பக்கத்து ஊர்களிலும் சில வீடுகளில் இருக்கிறது. வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள்... ராசா மகன் தாடியைப் பிய்த்து எறிந்த பிறகு, அந்தப் பெண் பேச ஒரு வரியாவது எழுதியிருக்கிறதா?